குளிசை வயிற்றில், எரிவு உள்ளங்காலில்

பத்து வருடமாக நீரிழிவோடு இருப்பவரைக் கேட்டால் "உள்ளங்கால் எரியுது" என்பார். காசநோய்க்குக் குளிசை எடுப்பவர்களில் சிலரும் அதையே சொல்வார்கள். நெடுங்காலம் சாராயம் குடித்தவரும் சொல்வார். எச்.ஐ.வி.க்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட குளிசைகளை விழுங்கியவர்கள் பலரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். காரணங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சீனி இரத்தத்தில் கூடுகிறது, காசநோய்க் கிருமி நுரையீரலில் குடியிருக்கிறது, சாராயம் ஈரலைத் தின்கிறது, எச்.ஐ.வி. நோயெதிர்ப்புக் கலங்களை அழிக்கிறது. எரிவு மட்டும் ஏன் எல்லாருக்கும் உள்ளங்காலில் தொடங்க வேண்டும்? அதுவும் ஏன் இரண்டு காலிலும் ஒரே நேரத்தில்?

இதற்கு மிகத் துலக்கமான விடை எச்.ஐ.வி. மருந்தின் கதையில் கிடைக்கிறது. நீரிழிவு என்றைக்குத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து தொடங்கிய திகதியோ கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், உடலுக்குள் எந்த இடத்தில் கைவைத்தது என்பதும் தெரியும். அதனால் கேள்வியை அந்த வழியாகவே பிடிப்போம்.

அமிர்தகழியில் ஒருவர்

மட்டக்களப்பு நகரை ஒட்டி, வாவியின் பக்கமாக, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தைச் சுற்றி விரிந்த ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டம் முழுவதும் அங்கே திரளும். அந்த ஊரில் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஆள் கற்பனை, அவருக்கு நடப்பவை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டவை. போர்க்காலத்தில் தமிழ்நாட்டுக்கு அகதியாகப் போனார். 2005 இல் அங்கே அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 42, உயரம் 175 சென்ரிமீற்றர். மூன்று மருந்துகள் சேர்ந்த குளிசையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுக்கத் தொடங்கினார். காய்ச்சல் நின்றது, வயிற்றோட்டம் நின்றது, இழந்த நிறை திரும்பியது.

நாலாவது மாதம் கால் பெருவிரல்கள் விறைத்தன. அடுத்த கிழமைகளில் விறைப்பு உள்ளங்கால் முழுவதும் பரவி, அதன்மேல் எரிவும் ஊசிக்குத்தும் ஏறின. பகலில் வேலையோடு வேலையாகத் தாங்கிக்கொள்வார். இரவில் போர்வை நுனி பாதத்தில் பட்டாலும் துடித்து எழுவார். இன்னொரு புதினமும் நடந்தது. எரிகின்ற அதே காலிலிருந்து செருப்புக் கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. உணர்வு குறைந்த இடத்திலேயே நோவு கூடியிருந்தது.

விறைத்த கால் என்றதும் மட்டக்களப்பாருக்கு மாந்தீவு ஞாபகம் வரும். வாவிக்குள் இருக்கும் அந்தத் தீவில் பிரித்தானியர் காலம் முதல் தொழுநோய் வைத்தியசாலை இருந்தது. இவரும் முதலில் அதைத்தான் நினைத்துப் பயந்தார். ஆனால் தொழுநோய் நரம்பைத் தாக்கும் முறை வேறு. அதன் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்களே பிடிக்கும். எங்கே குடியேறுகிறதோ அங்கே மட்டும் தேமல் விழும், உணர்வு போகும். ஒரு காதில், ஒரு முழங்கையில், ஒரு பாதத்தின் ஓரத்தில் என்று ஒழுங்கில்லாமல் வரும். இவருடைய விறைப்போ இரண்டு பாதத்திலும் ஒரே உயரத்துக்கு, காலுறை போட்ட அளவில் நிற்கிறது. ஒரு கிருமி இடம் பார்த்து உட்கார்ந்தால் இப்படி அளந்து வைத்ததுபோல் அமையாது. உடல் முழுவதும் சமமாகப் பரவிய ஏதோ ஒன்றுதான் இதைச் செய்திருக்க வேண்டும்.

அந்தக் குளிசை வந்த வழி

அந்த மூன்று மருந்தில் ஒன்றின் பெயர் ஸ்டவுடின். 1960களில் அமெரிக்க வேதியியலாளர் ஜெரோம் ஹோர்விட்ஸ் புற்றுநோய்க்கென்று செய்துபார்த்த சேர்வைகளில் ஒன்று அது. புற்றுநோய்க்கு உதவவில்லை. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசொஃபும் தை-ஷுன் லின்னும் அது எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று காட்டினார்கள். 1994 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பின்னர் வந்த மூன்று மருந்துச் சிகிச்சையின் அன்றைய விலை ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். 1986 இல் சென்னையில் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்ததிலிருந்து பல வருடங்கள், நோயாளர் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வழி இருக்கவில்லை. 2001 பெப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, வருடத்துக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்த கூட்டுமருந்து ஸ்டவுடின், லாமிவுடின், நெவிரப்பின் மூன்றையும் கொண்டது. 2004 ஏப்ரல் 1 இல் இந்திய அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் எட்டு நிலையங்களில் தாம்பரம் நெஞ்சகநோய் மருத்துவமனையும் ஒன்று. இலங்கையிலும் அதே வருடம் அரச சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. இரத்தம் ஏற்றியதால் தொற்றுக்குள்ளாகி, அதை ஒளிக்காமல் வெளியே சொல்லி, எல்லாருக்கும் மருந்து வேண்டும் என்று குரல்கொடுத்த குழந்தை வைத்திய நிபுணர் கமலிக்கா அபேரத்ன காலமானதும் அந்த 2004 இல்தான்.

ஸ்டவுடினை ஒரு வில்லனாக எழுதிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மலிவு, பழுதாகாது, இரத்தச்சோகை உள்ளவருக்கும் கொடுக்கலாம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வசதியில்லாத ஊரிலும் கொடுக்கலாம். இலட்சக்கணக்கானோர் அதனால்தான் இன்று உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் கால் எரிவோடு இருக்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

பின்கொளுக்கி இல்லாத பெட்டி

எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் வைத்திருக்கிறது. மனிதக் கலத்துக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ. ஆக மாற்றி எழுத வேண்டும். அந்த வேலைக்குத் தானே ஒரு நொதியத்தைக் கொண்டுவருகிறது. எதிர்ப்படியாக்க நொதியம் என்று சொல்வோம். டி.என்.ஏ. என்பது நாலு வகை அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட தொடர். மட்டக்களப்பு நிலையத்தில் ரயிலுக்குப் பெட்டி கோப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னும் பின்னும் கொளுக்கி இருக்கும். ஸ்டவுடின் அந்த நாலில் ஒன்றைப்போலவே தோற்றமளிக்கும்; ஆனால் பின்கொளுக்கி கிடையாது. நொதியம் ஏமாந்து அதைக் கோத்தால் அடுத்த பெட்டியை மாட்ட இடமில்லை. தொடர் அங்கேயே நின்றுபோகும். வைரசு பெருகாது.

நம் கலங்களும் டி.என்.ஏ. எழுதுகின்றனவே, அவை ஏமாறாதா? கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. எழுதும் நொதியங்கள் போலியை இனங்காண்பதில் கெட்டிக்காரர். அங்கே பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். ஆனால் கருவுக்கு வெளியே, ஒவ்வொரு கலத்திலும், இழைமணிகள் இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து வந்த சீனியையும் கொழுப்பையும் எரித்துக் கலத்துக்கு வேண்டிய சக்தியைத் தருபவை அவையே. இழைமணிக்குச் சொந்தமாக ஒரு சிறிய டி.என்.ஏ. வளையம் உண்டு: 16,569 எழுத்து, 37 மரபணு. அதைப் படியெடுக்கத் தனியான ஒரு நொதியம் இருக்கிறது. காமா என்ற கிரேக்க எழுத்தால் அதைக் குறிப்பார்கள். வைரசின் நொதியத்தைப்போலவே இதுவும் ஸ்டவுடினிடம் ஏமாறும்.

வளையம் குறையக் குறைய, அதிலிருந்து வரவேண்டிய புரதங்கள் குறையும். இழைமணியின் சக்தி உற்பத்தி படுக்கும். தோலின் கலங்கள், குடலின் கலங்கள் சில நாட்களிலோ கிழமைகளிலோ உதிர்ந்து புதியவை வந்துவிடுகின்றன. நரம்புக் கலம் அப்படியல்ல. பிறந்ததுமுதல் கடைசிவரை அதே கலம்தான். அது பிளவுபடுவதில்லை, தன் இழைமணிகளை மட்டும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு மீற்றர் நீளமான கலம்

இனி அமிர்தகழிக்காரரின் வலது பெருவிரலுக்குப் போவோம். அந்த விரல் நுனியின் தொடுகையை மூளைப்பக்கம் கொண்டுபோகும் நரம்புக் கலத்தின் உடல் விரலிலோ காலிலோ இல்லை. இடுப்புக்குப் பின்னே, முள்ளந்தண்டை ஒட்டிய ஒரு சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதிலிருந்து ஓர் இழை புறப்பட்டு, தொடை வழியாக, முழங்காலின் பின்புறமாக, குதிக்காலைச் சுற்றி விரல் நுனி வரை போகிறது. நரம்பிழை என்போம். நீளம் ஒரு மீற்றரைத் தாண்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு கலத்துக்கு ஒரு மீற்றர் வால்.

அந்த வாலின் நுனியிலும் சக்தி வேண்டும். இழைமணிகளுக்கு வேண்டிய பெரும்பாலான பொருட்கள் கலத்தின் உடலில்தான் தயாராகின்றன. புதிய இழைமணிகள் அங்கிருந்து, இழைக்குள் இருக்கும் நுண்ணிய பாதைகளில், நின்று நின்று கீழே நகர்கின்றன. நகர்வதற்கும் சக்தி செலவாகிறது. சராசரியாக ஒரு நாளைக்கு 5 சென்ரிமீற்றர் நகர்கிறது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 100 சென்ரிமீற்றர் கடக்க 20 நாள். முகத்துக்குப் போகும் நரம்பிழை 10 சென்ரிமீற்றர் என்றால் இரண்டே நாள். முகத்தில் பழையதுக்குப் பதிலாகப் புதியது இரண்டு நாளில் வந்து சேர்கிறது. பெருவிரலோ மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். வந்து சேர்வதும் வழியெல்லாம் உழைத்துத் தேய்ந்த இழைமணி.

மருந்து இல்லாதபோது இந்த ஏற்பாடு குறையில்லாமல் நடக்கிறது. ஸ்டவுடின் வந்ததும் புறப்படும் இழைமணிகளே பலவீனமாகின்றன. கொண்டுபோகும் சக்தியும் குறைகிறது. மருந்து இரத்தத்தில் எல்லா நரம்புக்கும் ஒரே அளவில்தான் போய்ச் சேர்ந்தது. குட்டை இழைகள் அதைச் சமாளித்துவிடும். மிக நீண்ட இழையின் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். நுனி கருகி, இழை கலத்தின் உடலை நோக்கிப் பின்வாங்கும். உடலிலேயே மிக நீண்ட இழைகள் இரண்டு பாதத்துக்கும் போகின்றவை. இரண்டு காலும் ஒரே நீளம். அதனால் எரிவும் இரண்டிலும் ஒன்றாகவே தொடங்குகிறது. நீரிழிவு, சாராயம், காசநோய் மருந்து என்று காரணம் எதுவானாலும், நரம்பிழையைப் பேணிக் காக்கும் இந்த வேலையில் கைவைத்தால் முதல் அடி விழுவது அதே நுனிக்குத்தான்.

விறைப்பு மெல்ல மேலேறி முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல் நுனிகளும் விறைக்கத் தொடங்கும். வைத்தியர்கள் இதை வழமையாகக் காண்கிறார்கள். முள்ளந்தண்டிலிருந்து முழங்காலை அண்டிய இடத்துக்கு உள்ள தூரமும் கழுத்திலிருந்து கைவிரலுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உயரமும் வயதும்

நீளம்தான் காரணம் என்றால், உயரமானவருக்குக் கூடுதலாக வரவேண்டுமே? இந்தக் கேள்வியை அளந்தே பார்த்துவிட்டார்கள். 2006 இல் மெல்பேர்ன், கோலாலம்பூர், ஜகார்த்தா ஆகிய மூன்று நகரங்களில் எச்.ஐ.வி. நோயாளரின் கால்களைப் பரிசோதித்து, 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டவுடின் எடுத்தவர்களில் 40 வயதுக்குக் குறைந்த, 170 சென்ரிமீற்றருக்குக் குட்டையானவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. 40 ஐத் தாண்டிய, 170 க்கு மேல் உயரமானவர்களில் நூற்றுக்கு 66 பேருக்கு.

நம் ஆளுக்கு 42 வயது, 175 சென்ரிமீற்றர். 155 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரைவிட அவருடைய கால் நரம்பு அரைச் சாண் அளவு நீளம். அந்த அரைச் சாணை யாரும் ஒரு நோயாக நினைக்கமாட்டோம். ஓர் அளவு நாடாவும் பிறந்த திகதியும் இருந்தால், விலையுயர்ந்த எந்தக் கருவியும் இல்லாமல், யாருக்கு இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். இந்த அறிவு கைக்கு வந்த வேளையில் பல நாடுகளில் மருந்து வருடக்கணக்காக ஓடிவிட்டது. அதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

2007 இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டவுடினின் 40 மில்லிகிராம் வேளையளவைக் கைவிட்டு எல்லாருக்கும் 30 ஆகக் குறைக்கச் சொன்னது. 2009 இறுதியில் ஸ்டவுடினையே படிப்படியாக நிறுத்தும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கால் எரிவு மட்டுமல்ல, கன்னத்துக் கொழுப்புக் கரைந்து முகம் ஒட்டிப்போவதும் அந்த முடிவுக்குக் காரணம். அதுவும் இழைமணியில் விழுந்த அடியின் பலனே. ஒட்டிய கன்னம் ஒரு சிறிய ஊரில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பயத்தில் மருந்தையே விட்டவர்கள் உண்டு.

மருந்தா, வைரசா?

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மருந்தே எடுக்காத எச்.ஐ.வி. நோயாளருக்கும் இதே எரிவு வரும். வைரசு நரம்புக் கலத்துக்குள் புகுவதில்லை. அதைச் சூழவுள்ள நோயெதிர்ப்புக் கலங்களைக் கிளறிவிட்டு, அவை சுரக்கும் பொருட்களாலும் தன் மேலுறைப் புரதத்தாலும் நரம்பிழையைப் புண்ணாக்குகிறது. கால் இரண்டு வகையிலும் ஒரே மாதிரித்தான் எரியும். பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் காலக்கணக்கு: மருந்து தொடங்கிச் சில கிழமையிலோ மாதங்களிலோ விரைவாக மூண்டால் மருந்தின்மேல் சந்தேகம் விழும்.

பரிசோதனை மிக எளிது. டொக்டர் இசைக்கவை ஒன்றைத் தட்டி அதிரவைத்து அதன் அடியைக் கால் பெருவிரல் எலும்பில் வைப்பார்.

"அதிருதா ஐயா?"

"ஓம் டொக்டர்."

"நிண்ட உடனே சொல்லுங்க."

"நிண்டிட்டு."

டொக்டர் அதே கவையை எடுத்துத் தன் பெருவிரலில் வைத்துப் பார்ப்பார். அவருக்கு அது இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். பத்து எண்ணும் வரை அதிரக்கூடும். அந்த இடைவெளியே பாதிப்பின் அளவு. குதிக்காலின் தசைநாணைத் தட்டினால் பாதம் துள்ளாமல் இருப்பதும் சேர்ந்தால் சந்தேகம் உறுதியாகும்.

மருந்தை மாற்றிய பிறகு ஒரு பொல்லாத காலம் வரும். நிறுத்திய உடனே எரிவு குறையாது. சில கிழமைக்கு இன்னும் கூடவும் செய்யும். ஏற்கனவே பழுதான இழைமணிகள் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கின்றனவே. "மாத்தியும் பலனில்லை" என்று நோயாளர் மனம்விட்டு எல்லாக் குளிசையையும் தூக்கிப்போடுவது இந்த நாட்களில்தான். அப்படிப் போட்டால் வைரசு சில கிழமையில் மீண்டும் பெருகும். மாற்ற வேண்டியது ஒரு மருந்தை மட்டும். அதையும் கிளினிக்கில் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

மிளகாய் சொன்ன இரகசியம்

பாதத்தில் தணலே இல்லாதபோது ஏன் தணல் பட்டதுபோல் எரிகிறது? 1997 இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் எந்த வாசலால் நரம்புக்குள் எரிவை ஏற்றுகிறது என்று கண்டுபிடித்தது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதும் அதே வாசல்தான். 2021 நோபல் பரிசு அவருக்குக் கிடைக்க இது ஒரு காரணம். நுனி பழுதான மெல்லிய நரம்பிழைகள் தாமாகவே செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. சூட்டைச் சொல்வதற்கென்றே இருக்கும் இழை எந்தக் காரணத்தால் துடித்தாலும் மூளைக்குப் போய்ச் சேர்வது 'சுடுகிறது' என்ற செய்திதான். தொடுகையையும் அதிர்வையும் சொல்லும் பருத்த இழைகள் பழுதாகும்போது மௌனமாகிவிடுவதால், ஒரே பாதம் விறைக்கவும் செய்கிறது, எரியவும் செய்கிறது.

அந்த வாசலையே களைக்கவைத்தால் என்ன என்ற எண்ணத்தில் 8 வீதக் கப்சைசின் கொண்ட ஒட்டுச்சீலை வந்தது. எச்.ஐ.வி. நரம்பு வலியில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வில் அது நோவைக் குறைத்தது. அடுத்து வந்த ஆய்வில் வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. வைத்தியசாலையில், தோலை மரக்கவைத்து, அளந்து ஒட்டும் மருந்து அது. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசினால் புண்தான் மிஞ்சும். நீரிழிவு எரிவுக்கு உதவும் அமிட்ரிப்டிலினும் பிரிகபலினும் எச்.ஐ.வி. எரிவில் சோதித்தபோது வெறும் குளிசையைவிட மேலாக நிற்கவில்லை. சிலருக்கு அவை நித்திரையையாவது தருகின்றன என்பதால் வைத்தியர்கள் இன்னும் எழுதுகிறார்கள்.

விறைத்த காலுக்கு வேறு கவனமும் வேண்டும். வாவியில் இறங்கி இறால் பிடிப்பவர் மட்டி ஓட்டில் காலை அறுத்துக்கொண்டு, கரையேறி, மண்ணில் இரத்தம் கண்ட பிறகே அறிவார். ஆடி வெயிலில் கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் கொப்புளம் மறுநாள்தான் தெரியும். கால் உணராததைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. இரவு படுக்குமுன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான்.

இன்றைய குளிசை

இன்று எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டெனொஃபொவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் குளிசை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதை முதல்வரிசையாக உறுதிப்படுத்தியது. டெனொஃபொவிரையும் லாமிவுடினையும் இழைமணியின் காமா நொதியம் எளிதில் இனங்கண்டு விலக்கிவிடுகிறது. இப்போது சிகிச்சை தொடங்குபவர் ஸ்டவுடின் காலத்துக் கால் எரிவைக் கேட்டு மருந்துக்குப் பயப்படக் காரணமில்லை.

ஆனாலும் கால் எரிந்தால் தேட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி.யோடு காசநோய்க்கும் ஐசோனியசிட் எடுப்பவருக்கு அந்த மருந்து பி6 விற்றமினைக் குறைக்கும்; கூடவே பி6 குளிசை கொடுத்தால் இந்த எரிவைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நம் அமிர்தகழிக்காரருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, நீரிழிவும் வந்துவிட்டது, மெட்போர்மின் எடுக்கிறார். டொலுடெக்ராவிர் இரத்தத்தில் மெட்போர்மினின் அளவைக் கூட்டும். மெட்போர்மினை நெடுங்காலம் எடுத்தால் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் அதே உள்ளங்கால்தான் எரியும். பழைய ஸ்டவுடினின் வடுவா, சீனியா, பி12 ஆ என்று பாதத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. சீனிக்கும் பி12 க்கும் தனித்தனியே இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். பி12 குறைவென்றால் ஊசியோ குளிசையோ கொடுத்து ஈடுசெய்யலாம். எச்.ஐ.வி. குளிசையை ஒரு கிளினிக்கிலும் சீனிக் குளிசையை இன்னொரு கிளினிக்கிலும் எடுத்து, ஒன்றை மற்ற இடத்தில் சொல்லாமல் மறைப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கை யாராலும் போட்டுக்கொடுக்க முடியாமல் போகிறது.